மழைநீர் கட்டர் ஒழுகுதா? பணத்தை மீட்க வழி இருக்கு

கடையநல்லூர்ல வளைகுடாப் பணத்துல கட்டுன வீடுகள் ஏராளம். மகன் அங்கிருந்து பணம் அனுப்புவார். இங்க கான்ட்ராக்டர் மாடியில ஷீட் போட்டு, ஓரத்துல கட்டர் மாட்டி, முழுப் பணத்தையும் வாங்கிட்டுப் போயிடுவார். ஐப்பசி மழையிலதான் தண்ணி பைப்புக்குப் போகாம சுவர்ல இறங்குறது தெரியும்.

1,000 சதுர அடி கூரையில 1 செ.மீ. மழை பெய்தா சுமார் 930 லிட்டர் தண்ணி வரும். அது சுவர்ல ஊறுனா, பூச்சு வேலையும் பெயின்ட்டும் கட்டர் செலவையே தாண்டிடலாம்.

பணம் கொடுக்கும் முன்னாடி:

பைப்புக்கு எதிர் முனையில ரெண்டு வாளி தண்ணி ஊத்திப் பாருங்க. நடுவுல தேங்குனா வாட்டம் சரியில்ல. 10 அடிக்குக் குறைஞ்சது கால் இஞ்ச் வாட்டம் வேணும். ஜாயின்ட்ல சொட்டுதான்னும் பாருங்க. வேலை பேசும்போதே, ஒரு நல்ல மழை தாண்டுற வரைக்கும் 20 சதவீதம் பாக்கி நிற்கும்னு எழுதிக்கோங்க. 18,000 ரூபாய் வேலைன்னா 3,600 ரூபாய். அந்தப் பாக்கிதான் அவரைத் திரும்ப வரவைக்கும்.

முழுசா கொடுத்தாச்சுன்னா:

1. வேற ஆளை வச்சு சரிபண்றதுக்கு முன்னாடி, ஒழுகுறதை வீடியோ எடுங்க. சரிபண்ணிட்டா ஆதாரம் போயிடும்.

2. குறையை எழுதி, 15 நாள் கெடு வச்சு வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்க. பணம் அனுப்புன ரசீதை பத்திரமா வைங்க.

3. சரிபண்ண எவ்வளவு ஆகும்னு வேறொருத்தர்கிட்ட எஸ்டிமேட் எழுதி வாங்குங்க. நீங்க கேட்கிற தொகைக்கு அதுதான் கணக்கு.

4. பதில் இல்லன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்க.

5. அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டட வேலையும் 'சேவை'தான்னு உச்ச நீதிமன்றம் 1993-லயே சொல்லிடுச்சு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல.

பணம் அனுப்புனது வெளிநாட்டுல இருக்கிற மகன்னாலும், அவர் சம்மதத்தோட அந்த வீட்டுல இருக்கிற அம்மாவும் சட்டப்படி நுகர்வோர்தான். கெடு மட்டும் 2 வருஷம். "அடுத்த மழைக்குள்ள வந்து பாக்குறேன்"னு அவர் சொல்றதை நம்பியே அந்த ரெண்டு வருஷத்தையும் ஓட்டிடாதீங்க.