புனைபெயரும் பொற்பதக்கமும்

ஒலிம்பிக் விழா என்றதும் ஓட்டம், பாய்ச்சல், எறிதல், நீச்சல் என்பனவே நம் நினைவுக்கு வருவன. ஆயின் அவ்விழா 1896 ஆம் ஆண்டில் அதென்ஸ் நகரிற் புதுப்பிக்கப்பெற்ற காலந்தொட்டு அதன் நிரலிற் புகுந்து பின்னர் நீங்கிய போட்டிகளும் பல உள. நம் கல்லூரி விளையாட்டு விழாக்களில் ஆரவாரத்துடன் நடைபெறுங் கயிறிழுத்தல் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் போட்டியாகவே விளங்கிற்று. 1908 இல் இலண்டனில் அதன் முதல் மூன்றிடங்களையும் பெற்றோர் இங்கிலாந்துப் பொலிஸ் படையினரே. ஓடிவராது நின்ற நிலையிலிருந்தே பாயும் போட்டிகள் 1912 உடன் ஒழிந்தன. இளமையில் இளம்பிள்ளைவாதத்தால் வருந்திய ரே யூரி என்னும் அமெரிக்கர் 1900, 1904, 1908 ஆகிய மூன்று விழாக்களில் அப்போட்டிகளில் எட்டு முதலிடங்களைப் பெற்றார் என்பது வியத்தற்குரியது.

இவற்றுள் விந்தை மிக்கது 1900 இல் பாரிஸ் நகரிற் சேன் ஆற்றில் நடைபெற்ற நீர்க்கீழ் நீச்சலாகும். நீந்திய தூரத்தில் மீற்றர் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. நீரினுள் இருந்த நேரத்தில் விநாடி ஒன்றுக்கு ஒரு புள்ளி. டென்மார்க்கைச் சேர்ந்த லிக்கபேர்க் என்பார் 90 விநாடி மூச்சடக்கியிருந்தும் 28.5 மீற்றர் தூரமே கடந்தமையால் 147 புள்ளிகளையே பெற்றார். பிரான்சிய வீரர் டெவாந்தவீல் 68.4 விநாடியில் 60 மீற்றர் நீந்தி 188.4 புள்ளிகளுடன் வெற்றியடைந்தார். கணக்குச் செம்மையானதே, ஆயினும், கரையில் நின்றோர் கண்டது ஆற்று நீரையன்றி வேறில்லை. இப்போட்டி பின்னர் ஒருபோதும் நடைபெறாமைக்கு வேறு காரணந் தேடவேண்டுவதில்லை.

இவையெல்லாம் அளவுகோலுக்கும் கடிகாரத்துக்கும் அடங்கியவை. அவற்றுக்கு அடங்காத போட்டிகளும் 1912 முதல் 1948 வரை ஏழு விழாக்களில் இடம்பெற்றன. கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் என்னும் ஐந்து துறைகளிலும், ஓட்ட வீரருக்கு வழங்கியவாறே, கலைஞருக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. படைப்பு விளையாட்டைப் பொருளாகக் கொண்டிருத்தல் வேண்டும் என்பது விதி. உடலும் உள்ளமும் ஒருங்கு வளர்தல் வேண்டும் என்னுங் கொள்கையினரான பியேர் த குபேர்த்தன், ஒலிம்பிக் விழாவைப் புதுப்பித்த பிரான்சியப் பெருமகனார், 1906 இல் பாரிஸ் நகரிற் கூடிய மாநாட்டில் இதனை வலியுறுத்தினார். ஆறாண்டுகளின் பின்னர் ஸ்டொக்ஹோம் விழாவில் அது நிறைவேறிற்று.

அவ்விழாவில் இலக்கியத்துக்குரிய பொற்பதக்கத்தை விளையாட்டைப் போற்றும் பாடலொன்று பெற்றது. அதன் ஆசிரியராக ஹோரோட், எஷ்பாக் என்னும் இருவரின் பெயர்கள் குறிக்கப்பட்டிருந்தன. உண்மையில் அவ்வாறு இருவர் இருந்ததில்லை. அவை குபேர்த்தனின் மனைவியார் பிறந்த இடத்துக்கு அணித்தாக, அல்சாஸ் பகுதியிலுள்ள இரு சிற்றூர்களின் பெயர்கள். பாடலை இயற்றியவர் குபேர்த்தனே! போட்டியை வகுத்தவரும் அவர். அக்காலத்தில் ஒலிம்பிக் குழுவின் தலைவரும் அவர். பரிசு பெற்றவரும் அவரேயாயினார். தலைவரின் பெயரைக் கண்ட நடுவர் எவ்வாறு தீர்ப்பளித்திருப்பர் என்பதை எண்ணின், பெயரை மறைத்தமை நேர்மையின்பாற்பட்டதே எனலாம். எனினும், தாம் நடத்தும் போட்டியில் தாமே புகுந்தமை முற்றும் பொருந்துவதன்று.

அதே ஸ்டொக்ஹோம் விழாவில் மற்றொருவரின் பெயர் வேறு விதமாகப் பேசப்படுவதாயிற்று. ஐம்போட்டி, பத்துப்போட்டி ஆகிய இரண்டிலும் முதலிடம் பெற்றவர் ஜிம் தோர்ப் என்னும் அமெரிக்கப் பழங்குடி மகனார். ஊதியம் பெற்று விளையாடியோர் ஒலிம்பிக் விழாவிற் கலந்துகொள்ளலாகாது என்பது அந்நாளைய விதி. கல்லூரி மாணவர் பலர் கோடை விடுமுறையிற் சிறு ஊதியத்துக்குப் பேஸ்போல் ஆடுவது அமெரிக்காவில் வழக்கமாயிருந்தது. அவருட் பலர் இவ்விதிக்கு அஞ்சிப் புனைபெயர் பூண்டு ஆடினர். தோர்ப்போ 1909, 1910 ஆம் ஆண்டுகளில் வட கரோலினாவில் தம் சொந்தப் பெயரிலேயே ஆடியிருந்தார். 1913 இல் பத்திரிகையொன்று இதனை வெளியிடவே, அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. முறைப்பாடு செய்வதற்குரிய முப்பது நாள் எல்லை கடந்துவிட்டமையை எவரும் பொருட்படுத்தவில்லை. பெயரை மறைத்தோர் தப்பினர். மறைக்காதவர் தண்டனை பெற்றார். வறியவர் உழைத்துண்ணுதலையே குற்றமாக்கிய விதியென்று இதனைக் கூறுதல் மிகையாகாது. தோர்ப் 1953 இல் மறைந்தார். 1982 இல் அவர் வெற்றி மீண்டும் ஏற்கப்பட்டபோதும் வேறு வீரருடன் பகிர்ந்தே ஏற்கப்பட்டது; 2022 இலேயே அவர் தனி வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

கலைப் போட்டிகளை நடுவர் எளிதாக எண்ணினாரல்லர். 1924 இல் பாரிஸ் விழாவின் இசைப் போட்டிக்கு அமர்ந்த நடுவருள் ஸ்ட்ராவின்ஸ்கி, ராவெல், பார்ட்டொக் ஆகிய இசை வல்லுநரும் இருந்தனர். அவர்கள் எவருக்குமே பதக்கம் வழங்கவில்லை. 1928 இல் அம்ஸ்டர்டாமில் இசைக்கு ஒரேயொரு வெண்கலப் பதக்கமும், 1932 இல் லொஸ் ஏஞ்சலிசில் ஒரேயொரு வெள்ளிப் பதக்கமுமே வழங்கப்பட்டன. நூறு மீற்றர் ஓட்டத்தில் எவ்வளவு மெதுவாக ஓடினும் முந்தி வந்தவர் முதல்வரே. கலைக்கு அவ்வாறன்று, முந்தியவர் இருந்தும் தகுதியுடையார் இல்லையென்று கூற நடுவருக்கு உரிமையுண்டு. இவ்வேறுபாடே இப்போட்டிகளின் இடர்ப்பாடும் ஆயிற்று.

விளையாட்டிலும் கலையிலும் பதக்கம் பெற்றவர் இருவரே. ஒருவர் குறிசுடுதலிலும் சிற்பத்திலும் வெற்றியடைந்த அமெரிக்கரான வால்டர் வைனன்ஸ். மற்றவர் அங்கேரியரான அல்பிரெட் ஹாயோஷ். இவருடைய இயற்பெயர் ஆர்னோல்ட் குட்மன். நீச்சலுக்காகப் பூண்ட ‘ஹாயோஷ்’ என்பது அங்கேரிய மொழியில் மாலுமியைக் குறிக்கும். பதின்மூன்று வயதிலே தந்தையார் டான்யூப் ஆற்றில் மூழ்கி இறந்ததைக் கண்ட சிறுவர் நீச்சல் வீரராகி இப்பெயரைத் தேர்ந்தமை கருதற்பாலது. 1896 இல், பதினெட்டு வயதில், குளிர்ந்த கடலில் உடலெங்குங் கொழுப்பைப் பூசிக்கொண்டு நீந்தி, 100 மீற்றர், 1200 மீற்றர் ஆகிய இரு போட்டிகளிலும் முதலிடம் பெற்றார். அக்காலத்தில் முதலிடத்துக்கு வழங்கியது வெள்ளிப் பதக்கமே. அவர் புடாபெஸ்ட் திரும்பியபோது, கட்டடக்கலை பயிற்றிய கல்லூரித் தலைவர் பதக்கங்களைப் பாராட்டாது அடுத்த பரீட்சையில் அவர் எழுதும் விடைகளையே தாம் எதிர்நோக்குவதாகக் கூறினார் என்பர். ஆசிரியரின் கண்டிப்பு வீண்போகவில்லை. 1924 இல் விளையாட்டரங்கம் ஒன்றுக்குத் தேஜோ லௌபருடன் சேர்ந்து வரைந்த திட்டத்துக்காக ஹாயோஷ் கட்டடக்கலையில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பொற்பதக்கம் எவருக்கும் அளிக்கப்படவில்லை. புடாபெஸ்டில் மார்கிட் தீவில் அவர் அமைத்த நீச்சற் குளம் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இறுதிக் கலைப் போட்டிகள் 1948 இல் இலண்டனில் நடைபெற்றன. இலங்கை முதன்முதலாகப் பங்குபற்றியதும், டங்கன் வைற் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் அவ்விழாவிலேயே. ஜோன் கொப்லி என்னும் ஆங்கிலக் கலைஞர் அதிலே தமது 73 ஆம் வயதில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே, கலைப் போட்டியாளர் பெரும்பாலும் கலையையே தொழிலாகக் கொண்டோர் என்றும், ஊதியங் கருதாதோருக்குரிய விழாவில் அவர்க்கு இடமில்லையென்றும் காரணங் காட்டப்பட்டது. 1952 முதல் போட்டிக்குப் பதிலாகக் கலைக் கண்காட்சியே இடம்பெறலாயிற்று. தோர்ப்பை வீழ்த்திய விதியே கலைஞரையும் வெளியேற்றிற்று எனலாம்.

அவ்விதியும் 1980 ஆம் ஆண்டுகளிலே தளர்ந்தது. 1992 இல் பார்சலோனாவில் பெரும் பொருளீட்டும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் தடையின்றி ஆடிப் பொற்பதக்கம் பெற்றனர். 1900 இல் ஒரேயொரு முறை ஆடப்பெற்ற கிரிக்கெட்டும் 2028 ஆம் ஆண்டு விழாவுக்கெனச் சேர்க்கப்பட்டுள்ளது. விலக்கியதற்குக் கூறிய காரணம் நீங்கியும், கலைப் போட்டிகள் மீளவில்லை. அவற்றின் பதக்கங்கள் நாடுகளின் பதக்கக் கணக்கிலும் இப்பொழுது சேர்க்கப்படுவதில்லை. ஹாயோஷ் 1896 இற் கடலிலே பெற்ற இரு வெற்றிகளும் அங்கேரியின் கணக்கில் உள்ளன. 1924 இல் அவர் வரைந்த திட்டத்துக்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கம் அதில் இல்லை.