அச்சத்தின் குரலும் உள்ளுணர்வின் குரலும்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையை அடுத்த பழவங்காடியில், கணபதி கோயிலின் முன் சிதறுதேங்காய் உடையும் ஒலி நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருக்கும். கடை திறக்க இருப்பவர், தேர்வெழுதச் செல்பவர், வீட்டுக்கடன் பத்திரத்தில் கையொப்பமிடப் போகிறவர் எனப் பலரும் இங்கு ஒரு கணம் நின்று, வணங்கிச் செல்கின்றனர்.

இக்கோயிலைக் குறித்து வாய்மொழிக் கதை ஒன்று வழங்குகிறது. திருவிதாங்கூரின் தலைநகராகப் பத்மநாபபுரம் விளங்கிய நாளில், இரவுக் காவலில் நின்ற வீரர்களை யட்சியைப் பற்றிய அச்சம் வாட்டியதாம். அவர்களுக்குத் துணையாக நின்றவர் இந்தப் பிள்ளையார் என்பர். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது வீரர்கள் அவரையும் உடன் கொண்டுவந்தனர். இன்றும் இக்கோயிலை இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பராமரித்து வருகிறது.

அந்தக் காவல் வீரரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இருளில் ஒரு சருகு அசைகிறது. வந்தது காற்றா, பகைவனா? வீண் அச்சத்தால் கூச்சலிட்டால் படை முழுவதும் உறக்கம் இழக்கும். உண்மையான காலடியைக் காற்றென்று ஒதுக்கினால் கோட்டையே பறிபோகும். உள்ளே எழும் குரல் அச்சத்தினுடையதா, உள்ளுணர்வினுடையதா என்று பிரித்தறிய வேண்டியது அவருடைய பணி. வாழ்நாள் சேமிப்பைக் காத்து நிற்கும் நமக்கும் இன்று அதே பணி வாய்த்திருக்கிறது.

உள்ளுணர்வு என்பது எங்கிருந்தோ வரும் அசரீரி அன்று. பல்லாண்டு பட்டறிவு, சொற்களாக மாறுவதற்கு முன்பே நம்மிடம் பேசுவதுதான் அது. வங்கியில் பணம் எண்ணிப் பழகிய காசாளரின் விரல், நூறு தாள்களுக்கு நடுவே ஒன்றில் மட்டும் தயங்கி நிற்கும். காரணம் கேட்டால் உடனே சொல்லத் தெரியாது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே, புடைத்திருக்க வேண்டிய காந்தியடிகளின் உருவம் வழவழப்பாக இருப்பது புலப்படும். விரல் அறிந்ததை அறிவு பின்னால் வந்து உறுதி செய்கிறது.

அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன், தீயணைப்புப் படைத் தலைவர் ஒருவரின் அனுபவத்தைப் பதிவு செய்துள்ளார். எரியும் வீட்டினுள் நின்ற அவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்ற, வீரர்களை உடனே வெளியேறச் சொன்னார். சிறிது நேரத்தில் அவர்கள் நின்ற தளம் இடிந்து விழுந்தது. தீ, தளத்துக்கு அடியில் இருந்த நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே தெரிந்த தீக்குப் பொருந்தாத வெப்பத்தையும், வழக்கத்துக்கு மாறான அமைதியையும் அவர் உள்ளம் முன்பே கவனித்திருந்தது. நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும் க்ளைனும் 2009ஆம் ஆண்டில் இணைந்து எழுதிய கட்டுரையில், உள்ளுணர்வை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகளை வகுத்தனர். ஒன்று, அத்துறையில் நிகழ்வுகள் ஓர் ஒழுங்கோடு நடைபெற வேண்டும். மற்றொன்று, நமக்கு அதில் நீண்ட பயிற்சி இருந்திருக்க வேண்டும். முன்பின் அறியாத பங்கு ஒன்று நாளை உயரும் என்று மனம் சொன்னால், பேசுவது உள்ளுணர்வன்று, ஆசை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்குக் காணொளி அழைப்பு வருவதாகக் கொள்வோம். சீருடை அணிந்த ஒருவர் திரையில் தோன்றுகிறார். “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் உள்ளது. நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. பிள்ளைகளிடமும் சொல்லக் கூடாது. சரிபார்ப்பதற்காகப் பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்” என்கிறார். ஆசிரியையின் கை நடுங்குகிறது. அதே வேளையில் உள்ளே மெல்லிய குரல் ஒன்றும் கேட்கிறது: “காவல்துறை எதற்காகப் பணம் கேட்கிறது?”

நடுக்கம் அச்சத்தினுடையது, அந்தக் கேள்வி உள்ளுணர்வினுடையது. ஒரே நொடியில் இரண்டும் பேசுகின்றன. மோசடிக்காரரின் திறமை முழுவதும், முதல் குரலை உரக்கப் பேசவைத்து இரண்டாவது குரலை மூழ்கடிப்பதில்தான் இருக்கிறது. டிஜிட்டல் கைது என்ற ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை.

இரண்டையும் பிரித்தறிய நமக்கு நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். முதலாவது, இந்தக் குரல் எதைச் சுட்டுகிறது? உள்ளுணர்வு கண்முன் உள்ள ஒன்றைச் சுட்டும்: பொருந்தாத ஒரு சொல், பழக்கமில்லாத ஒரு கணக்கு எண். அச்சமோ இன்னும் நிகழாதவற்றை அடுக்கும்: சிறை, அவமானம், அக்கம்பக்கத்தார் பேச்சு. இரண்டாவது, இதைப் பிறரிடம் சொல்ல முடிகிறதா? மகளிடமோ வங்கி மேலாளரிடமோ வாய்விட்டுச் சொல்லும்போது வீண் அச்சம் கரையும். உள்ளுணர்வு இன்னும் தெளிவடையும். இரகசியம் காக்கும்படி யாரேனும் வற்புறுத்தினால் அதுவே எச்சரிக்கை மணி. மூன்றாவது, இது காத்திருக்குமா? எரியும் வீட்டில் காத்திருக்க இயலாது. பணத்தைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரம் காத்திருப்பதால் நேர்மையான எந்தப் பரிவர்த்தனையும் கெட்டுவிடுவதில்லை.

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே பதற்றத்தோடு எடுக்க வருகிறவரிடம், “எதற்காக அம்மா இவ்வளவு அவசரம்?” என்று கிளை ஊழியர் கேட்பதுண்டு. அதை இடையூறாகக் கருத வேண்டாம். அதுவும் பழகிய உள்ளுணர்வின் குரலே. அவ்வாறு கேட்ட ஒரு கேள்வியால் சேமிப்பு காப்பாற்றப்பட்ட நிகழ்வுகள் செய்தித்தாள்களில் பலமுறை வந்துள்ளன. ஒருவேளை பணம் கைமாறிவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

அச்சம் நமக்குப் பகையன்று. அதுவும் நம்மைக் காக்க வந்த காவலாளிதான். ஆயினும் கருவூலத்தின் சாவியைப் பதறி நிற்கும் காவலாளியின் கையில் ஒப்படைப்பதில்லை. பழவங்காடியில் தேங்காய் உடைப்பவர், கையை ஓங்குவதற்கு முன் ஒரு கணம் கண்மூடி நிற்பார். பணம் அனுப்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன் நாமும் அந்த ஒரு கணம் நிற்போம்.