டவர் சாய்ந்தாலும் தொடர்பு கிடைக்குமா? ஹாம் ரேடியோவின் 'ஏ.எல்.இ' எப்படி வேலை செய்கிறது?

புயல், வெள்ளத்தில் செல்போன் டவர்கள் சாய்ந்தால் கைகொடுப்பது ஹாம் ரேடியோ. ஆனா சிற்றலையில் ஒரு சிக்கல் இருக்கு. பகலில் தெளிவாகக் கேட்கும் அலைவரிசை இரவில் கேட்காமல் போகலாம். வானில் உள்ள அயனி மண்டலம் நேரத்துக்கு நேரம் மாறுவதே காரணம்.

தீர்வு என்ன?

ஏ.எல்.இ எனும் தானியங்கி இணைப்பு முறை. 1980களில் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய இந்த முறையை, ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் கம்ப்யூட்டர் மென்பொருள் மூலம் பயன்படுத்துகிறார்கள். 7102, 14109 கிலோஹெர்ட்ஸ் போன்ற பல சேனல்களை ரேடியோ மாறி மாறி ஸ்கேன் செய்துகொண்டே இருக்கும்.

சத்தமே இல்லையே, ஆளே இல்லையா?

அப்படி இல்ல. ஒவ்வொரு நிலையமும் அவ்வப்போது தன் அழைப்புக்குறியை மட்டும் சுருக்கமாக அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும். இதுதான் 'சவுண்டிங்'. அதைக் கேட்கும் மற்ற நிலையங்கள், யார் எந்த சேனலில் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறார் என மதிப்பெண் போட்டு வைக்கும். அழைக்கும்போது அதிக மதிப்பெண் பெற்ற சேனலை முதலில் முயற்சிக்கும்.

இது ஏன் முக்கியம்?

சவுண்டிங் அனுப்பும் நிலையங்கள் குறைந்தால் இந்தப் பட்டியல் காலியாகிடும். அவசரத்தில் ஒவ்வொரு சேனலாகத் தேட வேண்டிவரும். அதனால், பேரிடர் இல்லாத சாதாரண நாளிலும் நிலையங்கள் இயங்கினால்தான் ஆபத்து நேரத்தில் அழைப்பு சட்டெனப் போய்ச் சேரும்.