பின்சக்கர பிரேக் பிடித்துக்கொள்கிறதா?

பால் கேன், புல்லுக்கட்டு, உர மூட்டை என்று இன்று சிறு விவசாயியின் சுமையில் பெரும்பகுதியை மோட்டார் சைக்கிளே சுமக்கிறது. வயல் சேற்றிலும் வாய்க்கால் கரையிலும் ஓடும் இவ்வண்டிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறு, பின்சக்கர பிரேக் பிடித்துக்கொள்வது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடுவதில்லை. கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் மாட்டை ஓட்டுவது போன்றது இது. பெட்ரோல் வீணாகும், டிரம் சூடேறும், பிரேக் கட்டை விரைவில் தேயும். ஈரக் கரையில் சக்கரம் பூட்டிக்கொண்டால் சுமையோடு சறுக்கி விழவும் நேரிடும்.

பலரும் உடனே செய்வது, பிரேக் ராடின் நுனியிலுள்ள நட்டைத் தளர்த்துவதுதான். அப்போதைக்குச் சக்கரம் சுற்றும். ஆனால் கோளாறு அப்படியே இருக்கும். அவசரத்தில் மிதித்தால் பிரேக் போதிய அளவு பிடிக்காது. ஆகவே எங்கே பிடிக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

வேலை செய்யும் விதம்

மிதியை அழுத்தினால் ராடு இழுபட்டு, சக்கரத்தின் பக்கத்திலுள்ள சிறு கையைத் திருப்புகிறது. அதனோடு இணைந்த கேம், உள்ளேயுள்ள இரண்டு பிரேக் கட்டைகளை விரித்து டிரம்மோடு அழுத்துகிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் கட்டைகளைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். மிதியின் அச்சிலோ, கேமின் அச்சிலோ சேறும் துருவும் சேர்ந்தால், அல்லது ஸ்பிரிங் தளர்ந்தால், கட்டைகள் முழுவதும் திரும்புவதில்லை.

கண்டறியும் முறை

என்ஜினை நிறுத்தி, டிரம் ஆறிய பிறகு, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் வைக்கவும். பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கவும். இலேசான உரசல் ஓசை இருந்தால் தவறில்லை, இறுக்கம் கூடாது.

அடுத்து நட்டைக் கழற்றி ராடைப் பிரிக்கவும். மிதியை அழுத்தி விட்டால் சட்டென்று மேலே வர வேண்டும். வராவிட்டால் குறை மிதியின் அச்சில் அல்லது அதன் ஸ்பிரிங்கில் இருக்கிறது. சக்கரத்தருகிலுள்ள கையைத் திருப்பி விட்டால் அதுவும் தானே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் குறை கேமில் அல்லது உள் ஸ்பிரிங்கில் இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்து, சக்கரமும் எளிதாகச் சுற்றினால், நட்டை அளவுக்கு மீறி இறுக்கியதே காரணம்.

சரிசெய்தல்

மிதியின் அச்சைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவினால் போதும். கேம் இறுகியிருந்தால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. துருவை நீக்கி, சூடு தாங்கும் கிரீஸை மெல்லியதாக மட்டும் தடவ வேண்டும். கட்டையிலோ டிரம்மிலோ கிரீஸ் படவே கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. உள்ளேயுள்ள தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும். அது நுரையீரலுக்குக் கெடுதல். தளர்ந்த ஸ்பிரிங்கையும் தேய்ந்த கட்டையையும் மாற்றிவிட வேண்டும்.

ராடை மாட்டிய பின் மிதியின் நுனி பொதுவாக 20 முதல் 30 மி.மீ. வரை இறங்கிய பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். சரியான அளவை வண்டியுடன் தந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னோக்கி நகர்கிறது. அதனால் ராடும் இழுபட்டு பிரேக் தானே இறுகிவிடும். ஆகவே செயினை இறுக்கும்போதெல்லாம் பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும்.

வண்டியைக் கழுவியவுடன் அப்படியே நிறுத்திவிடாமல், சிறிது தூரம் ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்து ஈரத்தைப் போக்கவும். இல்லாவிட்டால் கட்டைகள் டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். வழியில் டிரம் சூடேறினால் தண்ணீர் ஊற்றாமல் நிழலில் ஆறவிடவும்.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சி.சி. வரையுள்ள பல வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். இவற்றின் இணைப்பை மெக்கானிக்கே சரிசெய்ய வேண்டும். பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது.

உழவு முடிந்ததும் கலப்பையின் சேற்றைக் கழுவி வைப்பதில்லையா? அதுபோல் நடவு முடிந்ததும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டால் செலவும் குறையும். வீட்டிற்கும் பத்திரமாகத் திரும்பலாம்.