"படகு வந்துச்சு, சோறு வந்துச்சு; ஏரி மதகு யார் கையிலே?"
வெள்ளத்தில் நின்ற சென்னை, ஓட்டுக்கு நிற்கவில்லை!
சைதாப்பேட்டை டீக்கடைக்காரர் ஆதங்கம்

சென்னை நகரம் 2015 டிசம்பரில் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. 5 மாதம் கழித்து ஓட்டுப் போடும் க்யூவில் அதே சென்னையைக் காணோம்!

இதைச் சொல்லிச் சொல்லி ஆதங்கப்படுகிறார், சைதாப்பேட்டையில் டீக்கடை நடத்தும் 60 வயதுப் பெரியவர் ஒருவர். தேர்தல் என்றால் காலை 7 மணிக்கே வாக்குச்சாவடிக்குப் போய்விடுகிறவர் அவர்.

பால் பாக்கெட் ரூ.100

2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை மூழ்கின. கரண்ட் கிடையாது. போன் கிடையாது. பால் பாக்கெட் 100 ரூபாய்க்கு விற்றது!

ராணுவமும் கடற்படையும் வந்தன. மீனவர்களும் தங்கள் படகோடு வந்து, மொட்டை மாடியில் தவித்தவர்களை மீட்டனர். பள்ளிவாசல், கோவில், சர்ச், கல்யாண மண்டபம் எல்லாம் கதவைத் திறந்தன. முகம் தெரியாத பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தனர்.

"நீ என்ன ஜாதி, எந்தக் கட்சின்னு ஒருத்தன் கேக்கலே சார்!" என்கிறார் பெரியவர்.

அரசு உதவி பின்னால் வந்தது. ரூ.5 ஆயிரம், 10 கிலோ அரிசி, வேட்டி-சேலை. இதற்கிடையே, பொதுமக்கள் கொண்டு வந்த நிவாரணப் பொருள்களில் முதல்-அமைச்சர் படத்தை ஒட்டச் சொல்லி ஆளுங்கட்சியினர் தகராறு செய்வதாகப் புகாரும் கிளம்பியது.

100-க்கு 60

"கவர்மெண்டை நம்பிப் புண்ணியமில்லே, நம்ம கையே நமக்கு உதவி" என்று அப்போது பேசாதவர்கள் இல்லை.

2016 மே 16-ந் தேதி சட்டசபைத் தேர்தல். மாநிலம் முழுவதும் 100-க்கு 74 பேர் ஓட்டுப் போட்டனர். சென்னையிலோ சுமார் 60 பேர்தான்!

"சோத்துப் பொட்டலத்துக்குக் க்யூ, ஏ.டி.எம்.மிலே க்யூ. ஓட்டுக்கு மட்டும் கால் வலிக்குதா? பக்கத்து வீட்டுக்காரன் சோறு போடுவான். குப்பத்துக்காரன் படகு கொண்டாருவான். ஏரி மதகை எப்போ திறக்கணும்னு அவங்க முடிவு பண்ண முடியுமா? ஆத்தைத் தூர் வாரறதும், ஏரியிலே பிளாட் போடறதைத் தடுக்கறதும் கவர்மெண்ட் வேலை. அதைக் கேக்க நம்ம கையிலே இருக்கறது ஓட்டுதானே?"

பெரியவர் கேட்பதில் நியாயம் உண்டு. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கை அறிக்கை, ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்ட விதத்தைக் குறை கூறியது. அந்த வெள்ளம் மனிதர்களால் வந்த பேரழிவு என்றே சொன்னது.

மறுபடியும்...

2023 டிசம்பரில் மிச்சாங் புயல். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தன. மறுபடியும் படகு. மறுபடியும் பொட்டலம். ரேஷன் கடையில் ரூ.6 ஆயிரம்.

2024 ஏப்ரல் 19-ல் பாராளுமன்றத் தேர்தல். அந்த இரண்டு பகுதிகளும் அடங்கிய தென்சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 100-க்கு 54 பேர்!

"பொட்டலம் கொடுக்கற கை நல்ல கை சார். அந்தக் கை விரல்லே மையும் இருக்கணும்" என்கிறார் பெரியவர்.