பால்கோவா ஊரிலிருந்து பட்டணத்துக்கு!

ராஜபாளையத்தில் மாலையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால், மறுநாள் காலையில் சென்னை! நடுவில் கிடக்கும் தூரம் 500 கிலோ மீட்டருக்கு மேல்.

இந்த வசதி ஆதியில் இல்லை. விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையே ரெயில் பாதை வந்தது 1927-ம் ஆண்டில்தான். அதுவரை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பட்டணத்து ரெயிலைப் பிடிக்க விருதுநகர்ப் பக்கம் போகவேண்டும். ராஜபாளையத்தில் பிறந்த குமாரசாமி ராஜா 1949-ல் சென்னை மாகாண முதல்-மந்திரி ஆனபோதும், அந்தப் பாதையில் ஓடியது மீட்டர் கேஜ் ரெயிலே. 2004-ம் ஆண்டு வாக்கில் பாதை அகலமாயிற்று.

இன்று பொதிகை தினமும் உண்டு. கொல்லம் எக்ஸ்பிரசும் இவ்வழியே போகிறது. சிலம்பு எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாள் மட்டும். அது மதுரைக்குப் போகாது. மானாமதுரை, காரைக்குடி வழியாகத் திருச்சிக்குப் போகும்.

இடம் கிடைக்குமா?

அங்கேதான் சங்கடம்! தீபாவளி, பொங்கல் என்றால் டிக்கெட் பறந்துவிடும். பிள்ளையின் வேலைக்கான நேர்முகத் தேர்வு, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் என்று போகிறவர்கள் பாடு திண்டாட்டம். 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். தவறினால், புறப்படுவதற்கு முந்திய நாள் 'தத்கல்' உண்டு. சாதாரண படுக்கைக்குக் காலை 11 மணி. குளுகுளு பெட்டிக்கு 10 மணி. காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டை நம்பிப் படுக்கைப் பெட்டியில் ஏறாதீர்கள். நடுவழியில் அபராதம் கட்ட நேரும்!

ரெயிலில் இடம் இல்லையா? காலையிலேயே விருதுநகருக்குப் போய்விடுங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய நெல்லை-சென்னை வந்தே பாரத் அங்கே நிற்கும். பிற்பகலில் சென்னை. கட்டணம்தான் கூடுதல்.

பஸ்சும் இரவெல்லாம் ஓடுகிறது. அரசு விரைவு பஸ்சும் உண்டு, தனியார் பஸ்சும் உண்டு. முன்பு தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேடு வரை போகும். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் அரசு பஸ்களுக்கு அதுவே எல்லை. வண்டலூர் பக்கத்தில் உள்ள அந்த இடத்திலிருந்து நகருக்குள் போக இன்னொரு பஸ் பிடிக்கவேண்டும். மூட்டை முடிச்சும் குழந்தையுமாகப் போகும் தாய்மாருக்கு இது பெரும்பாடு.

அவசரமானால் மதுரை விமானம். வானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; ஆனால் விமான நிலையம் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

எதில் போனாலும் சென்னை உறவினருக்குப் பால்கோவா வாங்காமல் புறப்பட முடியாது. பொட்டலத்தை ஜன்னல் வெயிலில் வைக்கவேண்டாம், புளித்துப் போகும்!