நூறு சி.சி. போதாதா சார்?

பெரிய பைக் ஆசை எங்கே வரும் தெரியுமோ? ஷோரூமில் இல்லை, சிக்னலில்! நம்முடைய நூறு சி.சி. வண்டி 'டுர்ர்ர்' என்று ஈனசுரத்தில் முனகிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு 350 வந்து 'டுப்... டுப்...' என்று கம்பீரமாக மூச்சு விடும். ஓட்டுகிறவர் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தப் பார்க்காத பார்வை இருக்கிறதே, அதில்தான் பாதி வண்டி விற்பனை நடக்கிறது!

எனக்கும் அந்த ஆசை வந்தது. இருப்பது 97.2 சி.சி. ஸ்ப்ளெண்டர். எட்டு வருஷமாக உழைக்கிறது. தினமும் தாம்பரம் டு கிண்டி ஆபீஸ், கிண்டி டு தாம்பரம். மாதம் இரண்டு சனிக்கிழமை, மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திண்டிவனம் பக்கத்திலிருக்கும் ஊருக்கு. அங்கே அப்பா தனியாக இருக்கிறார். மாத்திரை டப்பாவை நிரப்பி, நாலு நாளைக்குக் குழம்பு வைத்துவிட்டு வரவேண்டும். ஆக, இது உல்லாசப் பயணம் இல்லை. மழையானாலும் வெயிலானாலும் போயே தீரவேண்டிய பயணம்.

"பெரிய வண்டிக்கு மாறலாமா?" என்று ஆபீஸில் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான்!

"எடு மாப்ளே புல்லட்டை! ஆம்பளைன்னா 350-தான்" என்றார் பக்கத்து சீட்டு நண்பர். (அவர் தினமும் வருவது எலெக்ட்ரிக் ட்ரெயினில்.) அக்கவுண்ட்ஸ் செக்ஷன் பெரியவரோ, "ஆர்.எக்ஸ். 100 மாதிரி வருமாய்யா?" என்று கண் கலங்கினார்.

இனி ஊரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

டம்ளர் கணக்கு

சி.சி. என்பது வேறொன்றுமில்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே போகிறபோது எவ்வளவு இடத்தைக் கடக்கிறதோ, அந்த இடத்தின் கொள்ளளவு. ஆயிரம் சி.சி. ஒரு லிட்டர். அப்படியென்றால், என் வண்டி இன்ஜினின் மொத்த மூச்சும் ஒரு காபி டம்ளருக்குள் அடங்கிவிடும்!

டம்ளர் பெரிசானால் பலமும் பெரிசாகும். ஆனால், அதே விகிதத்தில் ஆகாது. பெரியவர் உருகுகிற ஆர்.எக்ஸ். 100 வெறும் 98 சி.சி.தான். டூ ஸ்ட்ரோக் என்பதால் 11 குதிரைத்திறன் கொடுத்தது. அதே காலத்து புல்லட்டுக்கு 346 சி.சி., குதிரைகள் 18. டம்ளர் மூன்றரை மடங்கு, பலம் இரண்டு மடங்குகூட இல்லை!

இப்போதைய கதை என்ன? ஸ்ப்ளெண்டருக்குச் சுமார் 8 குதிரைத்திறன், எடை 112 கிலோ. கிளாசிக் 350-க்குச் சுமார் 20 குதிரைத்திறன், எடை 195 கிலோ. பலம் இரண்டரை மடங்கு. சரி, ஆனால் கூடவே 83 கிலோ கூடுகிறதே! எப்போதும் இன்னொரு ஆளை ஏற்றிக்கொண்டு திரிகிற மாதிரி.

லாரியோடு குடித்தனம்

ஊருக்குள் ஓட்ட எனக்கு எட்டுக் குதிரை தாராளம். சென்னைக்குள் பைக்குக்கு 50 கிலோமீட்டர்தான் உச்சவேகம் என்று 2023 நவம்பரிலேயே போக்குவரத்து போலீஸ் சொல்லிவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை நெரிசலில் அந்த ஐம்பதே பகல் கனவு. அங்கே பெரிய இன்ஜின் தொடையைத்தான் சூடாக்கும்.

பிரச்னை செங்கல்பட்டு தாண்டினால்தான். வேகம் கூடக்கூடக் காற்று முகத்தில் கையை வைத்துத் தள்ளும். அறுபதில் காற்றைக் கிழிக்க ஒரு பங்கு பலம் வேண்டுமென்றால், எண்பதில் இரண்டு பங்குக்கும் மேலே வேண்டும். இரண்டு பேரோடு என் வண்டி எழுபதை நெருங்கும்போது ஆக்ஸிலேட்டர் அதற்கு மேல் திரும்பாது.

முன்னால் ஒரு லாரி அறுபதில் போகிறது, நான் 68-ல் முந்துகிறேன் என்று வையுங்கள். பின்னால் கொஞ்சம் இடைவெளி, லாரியின் நீளம், முன்னால் கொஞ்சம் இடைவெளி எல்லாம் சேர்த்து 40 மீட்டர் அதிகமாகக் கடக்க வேண்டும். மணிக்கு 8 கிலோமீட்டர் வித்தியாசத்தில் அதற்கு 18 விநாடி! அதே வேலையை எண்பதில் முடிக்க ஏழே விநாடி.

பதினெட்டு விநாடி லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் இருப்பது எப்படி இருக்கும்? பின்னாலிருந்து என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தபடி மனைவி ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, லாரி பக்கத்துலயே குடித்தனம் பண்றோமே!"

அன்றைக்குத்தான் என் ஆசைக்கு ஒரு நியாயம் கிடைத்தது. சட்டப்படியே நாலு வழிச் சாலையில் பைக்குக்கு எண்பதுக்கு மேல் கூடாது. எனக்குத் தேவை நூற்றுப் பத்தில் பறப்பது இல்லை. எழுபதில் போகிறபோது தேவைப்பட்டால் எண்பதைத் தொட, கையில் கொஞ்சம் மிச்சம். பெரிய இன்ஜினை வாங்குவது அந்த மிச்சத்துக்காகத்தான்.

அதற்கும் விலை உண்டு. எண்பதில் ஒரு விநாடி அசந்தால் வண்டி 22 மீட்டர் போயிருக்கும். அறுபதைவிட எண்பதில் பிரேக்குக்கு ஏறக்குறைய 1.8 மடங்கு வேலை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். என்னைக் கேட்டால், அதிகப்படி குதிரைகளைவிட அதுதான் பெரிய வரவு.

பர்ஸ் பேசுகிறது

மாதம் ஆயிரம் கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சி.சி. லிட்டருக்கு 60 கொடுத்தால் செலவு 1,667 ரூபாய். 350 சி.சி. 35 கொடுத்தால் 2,857 ரூபாய். ஏறக்குறைய 1,200 ரூபாய் புகையாகப் போகும். அப்பாவின் மாத்திரைச் செலவில் ஒரு பங்கு!

இன்ஷூரன்ஸ் வேறு. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி, மூன்றாம் நபர் பிரீமியம் 75-லிருந்து 150 சி.சி. வரை வருஷத்துக்கு 714 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 1,366. அதற்கும் மேலே 2,804.

அப்புறம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரை 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதைத் தாண்டினால் 40 சதவிகிதம். கிளாசிக் 349 சி.சி. என்பதால் ஒரு முடி இடைவெளியில் தப்பித்தது! நாம்தான் ஜி.எஸ்.டி. ரோட்டில் போவதற்கு ஜி.எஸ்.டி. கட்டவேண்டியிருக்கிறது.

மெக்கானிக் வைத்த பரீட்சை

எங்கள் தெரு மெக்கானிக் கடையில் ஒரு 350 சர்வீஸுக்கு நின்றது. "சார், ஓட்டிப் பார்க்கிறது அப்புறம். முதல்ல ஆஃப் பண்ணிட்டுப் பின்னால தள்ளிப் பாருங்க, பக்கவாட்டுல சாய்ச்சு நிமித்திப் பாருங்க. ராத்திரி பத்து மணிக்கு பஞ்சரானா நீங்கதான் தள்ளணும்" என்றார். தள்ளினேன். எங்கள் வீட்டு வாசல் சரிவு கண்முன் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் முழங்கால் தண்ணீரில் வண்டி தள்ளியவர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

கடைசியில் தீர்மானித்தது 160 சி.சி. வகை. பதினைந்து, பதினாறு குதிரைத்திறன். எடை 140 கிலோ அக்கம்பக்கம். ஏ.பி.எஸ். உண்டு. லிட்டருக்கு 45 கொடுத்தால் மாதச் செலவு 550 ரூபாய்தான் அதிகம். லாரியைத் தாண்ட அந்த ஏழு விநாடிக் கணக்கு சரியாகிவிடும். 'டுப் டுப்' மட்டும் கிடைக்காது. போகட்டும், அது மற்றவர் காதுக்குத்தானே!

ஊருக்குள் மட்டுமே ஓட்டுகிற நண்பர்களே, உங்களுக்கு நூறு சி.சி. போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டாக இரண்டு வாங்குங்கள். மாதாமாதம் ஜோடியாக ஹைவேயில் போகிறவரா? முந்துவதற்கு எத்தனை விநாடி என்று கணக்குப் பாருங்கள். தனியாக லடாக் வரை போகிற யோகம் இருந்தால் 350 வாங்குங்கள், யார் தடுத்தது?

அப்பாவிடம் போனில் சொன்னேன். "சீக்கிரம் வரணும்னு இல்லப்பா, அவளைப் பத்திரமா கூட்டிட்டு வா" என்றார்.

பக்கத்து சீட்டு நண்பருக்குத்தான் தாங்கவில்லை. "160-ஆ? சே, ஆம்பளைன்னா..." என்று ஆரம்பித்தவர், வாட்சைப் பார்த்துவிட்டு லோக்கல் ட்ரெயினைப் பிடிக்க ஓடினார்.